பூனை, நாய்க்கு கருத்தடை ஆபரேஷன்: ஏன் பண்ணணும், எப்போ பண்ணணும், யாருக்கு கொஞ்சம் பொறுக்கலாம்

நாய், பூனை வளர்க்குறவங்க கிட்ட கருத்தடை ஆபரேஷன்னு பேச்சை எடுத்தாலே ரெண்டு விதமா பதில் வரும். ஒண்ணு, "ஐயோ பாவம் வாயில்லா ஜீவன், அதைப் போய் அறுக்கணுமா, இயற்கையா விட்டுருங்க". இன்னொண்ணு, "எல்லாரும் பண்ணியே ஆகணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, யோசிக்கவே வேணாம்". என்னைக் கேட்டா ரெண்டுமே அரைகுறை பதில் தான். பூனைன்னா ஒரு பதில், பெண் நாய்னா ஒரு பதில், ஆண் நாய்னா, அதுவும் பெருசா வளர்ற இனமா இருந்தா, வேற பதில். இதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிட்டாலே பாதிக் குழப்பம் போயிடும்.

மொதல்ல இந்த ஆபரேஷன்ல என்ன தான் பண்றாங்கன்னு பாத்துருவோம். ஆணுக்கு விரை ரெண்டையும் எடுத்துடுவாங்க. பெண்ணுக்கு கருமுட்டைப்பை ரெண்டையும் கருப்பையையும் சேர்த்து எடுப்பாங்க, சில வெட்னரி டாக்டருங்க கருமுட்டைப்பையை மட்டும் எடுத்துட்டு கருப்பையை அப்படியே விட்டுடுவாங்க, ரெண்டு முறையுமே சரியான முறை தான். நிறைய பேர் இதை மனுஷங்களுக்கு குழாயைக் கட்டி விடுற ஆபரேஷன்னு நினைச்சுக்கிறாங்க. அது இல்ல இது. குழாயைக் கட்டினா குட்டி தான் வராதே தவிர ஹார்மோன் எப்பவும் போல ஊறிக்கிட்டு தான் இருக்கும், ஹீட் (இணை சேரத் தயாராகுற பருவ நாட்கள்) வரும், கத்தும், ஊர் சுத்தும், சண்டை போடும். இங்க ஹார்மோன் ஊறுற இடத்தையே எடுத்துடறோம். இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா இந்த ஆபரேஷனால வர்ற நல்லது அத்தனையும், கூடவே வர்ற சில தொந்தரவுகளும், ஹார்மோன் நின்னு போறதால வர்றது தான்.

பூனையில இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா அங்க தான் பதில் ரொம்ப சுலபம்.

பெண் பூனை நாலு மாசத்துலயே கூட பருவத்துக்கு வந்துடும். நாம இன்னும் குட்டின்னு தூக்கி வச்சு கொஞ்சிட்டு இருப்போம், அது வயித்துல குட்டியோட இருக்கும். ஹீட்ல இருக்குற பூனை கத்துறதை ஒரு தடவை கேட்டவங்களுக்குத் தெரியும், ராத்திரி முழுக்க குழந்தை அழற மாதிரி கத்தும், தரையில உருளும், பின்பக்கத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நடக்கும், அடிபட்டுடுச்சோன்னு பயந்து டாக்டர் கிட்ட தூக்கிட்டு ஓடுறவங்களும் உண்டு. இதுல பூனைக்குன்னு ஒரு விசேஷம் இருக்கு. மனுஷங்களுக்கும் நாய்க்கும் கருமுட்டை அதோட நேரத்துக்கு தானா வெளிய வரும், பூனைக்கு பெரும்பாலும் இணை சேர்ந்தா தான் வெளிய வரும். அதனால இணை சேரலைன்னா ஹீட் முடிஞ்சு போயிடாது, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும். பகல் வெளிச்சம் அதிகமா இருக்குற மாசங்கள்ல இது ரொம்ப அதிகம், வீட்டுக்குள்ளயே ராத்திரியெல்லாம் லைட் எரியிற பூனைக்கு வருஷம் முழுக்கவும் வரலாம். "வீட்டை விட்டு வெளிய விட மாட்டேன், அப்புறம் எதுக்கு ஆபரேஷன்"னு கேக்குறவங்க இதை யோசிக்கணும். வெளிய விடலைன்னா குட்டி வராது, ஆனா அந்தப் பூனை வருஷத்துல பாதி நாள் தவிச்சுக்கிட்டு தான் இருக்கும், கதவு ஒரு நிமிஷம் திறந்தா போதும் பறந்துடும்.

சினைக்காலம் ஒம்பது வாரம், அவ்ளோ தான். சராசரியா நாலு குட்டி. அந்தக் குட்டிங்க பால் குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம், பால் குடுக்குற வரைக்கும் கவலை இல்லன்னு நினைக்கிறது தப்பு. ஒரே ஈத்துல ரெண்டு மூணு அப்பாவோட குட்டிங்க இருக்குறதும் சாதாரணம். அண்ணன் தங்கச்சி கணக்கெல்லாம் பூனைக்குக் கிடையாது, ஒண்ணா வளர்ற ஆண் குட்டியும் பெண் குட்டியும் அஞ்சாறு மாசம் ஆனா சேர்ந்துடும். அதே சமயம் இன்டர்நெட்ல சுத்துற அந்த போஸ்டர் இருக்கே, ஒரு ஜோடி பூனை ஏழு வருஷத்துல லட்சக்கணக்கா பெருகும்னு, அதை அப்படியே நம்பிடாதீங்க. அது பொறந்த எல்லாக் குட்டியும் பொழைச்சு எல்லாமே குட்டி போடும்னு போட்ட பேப்பர் கணக்கு. நிஜத்துல வெளிய பொறக்குற குட்டிங்கள்ல நிறைய சில மாசத்துலயே வண்டில அடிபட்டோ, நோய் வந்தோ, பசியிலயோ செத்துப் போயிடும். எண்ணிக்கை பெருசா ஏறாம இருக்குறதுக்குக் காரணமே அந்தச் சாவு தான், அதைக் கேட்டு நிம்மதியாக முடியுமா என்ன.

அதனால பூனைக்கு என் பதில், ஆணோ பெண்ணோ, அஞ்சு மாசம் ஆகுறதுக்குள்ள பண்ணிடுங்க. இப்ப பூனை வைத்தியம் பாக்குற டாக்டருங்கள்ல நிறைய பேர் சொல்றதும் இதையே தான். ஒரு தடவை ஹீட் வரட்டும்னு காத்திருக்குறதுல பூனைக்கு ஒரு லாபமும் இல்ல, நஷ்டம் தான் உண்டு. பூனைக்கு மார்புல கட்டி வந்தா அதுல பத்துக்கு எட்டு ஒம்பது புத்துநோய்க் கட்டியா இருக்கும், அவ்ளோ மோசமான நோய் அது. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணின பூனைங்களுக்கு இந்த நோய் வர்ற வாய்ப்பு 91 சதவீதம் குறையுதுன்னு 2005ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது, தள்ளிப் போடப் போட அந்தப் பாதுகாப்பும் குறைஞ்சுக்கிட்டே வருது.

கடுவன் பூனைக்குக் காரணம் வேற. ஊர் சுத்துறது, எல்லைச் சண்டை, அப்புறம் சுவத்துல வாலைத் தூக்கி ஸ்ப்ரே அடிக்கிறது. அந்த வாடை எந்த ஃபினாயில் போட்டாலும் போகாது. ஆபரேஷன் பண்ணினா பத்துல ஒம்பது கடுவன் இதை நிறுத்திடும் இல்லன்னா ரொம்பக் குறைச்சுக்கும், மிச்சம் ஒண்ணு ரெண்டு பழக்கத்துலயோ பயத்துலயோ தொடரலாம். வாடை ஒரு பக்கம் இருக்கட்டும், சண்டையில ஆழமா கடி வாங்குறது தான் பெரிய ஆபத்து. மனுஷங்களுக்கு வர்ற ஹெச்ஐவிக்கு சொந்தக்காரன் மாதிரி பூனைக்கு எஃப்ஐவின்னு ஒரு வைரஸ் இருக்கு, அது முக்கியமா கடி வழியா தான் பரவுது, அதனால தான் வெளிய திரியிற, ஆபரேஷன் பண்ணாத கடுவன்கள் கிட்ட அது அதிகமா இருக்கு. நம்ம யாருக்கும் இது தொத்தாது, பயப்பட வேணாம்.

இப்ப பெண் நாய். எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப முக்கியமாப் படுறது இந்தப் பகுதி தான், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

பெண் நாய்க்கு பொதுவா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஹீட் வரும், ரெண்டு மூணு வாரம் இருக்கும், ரத்தம் சொட்டும், தெருவுல இருக்குற ஆண் நாய் எல்லாம் வாசல்ல வந்து நிக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. தெரியாதது என்னன்னா ஹீட் முடிஞ்ச அப்புறம் உள்ள நடக்குறது. இணை சேர்ந்துச்சோ இல்லையோ, சினை பிடிச்சுச்சோ இல்லையோ, நாயோட உடம்பு அடுத்த ரெண்டு மாசம் சினையா இருக்குற மாதிரியே ஹார்மோனை ஊத்திக்கிட்டு இருக்கும். கருப்பையோட உள் சுவர் தடிச்சு ஈரமா ஆகும், வாய் மூடிக்கும், அங்க எதிர்ப்பு சக்தியும் குறைஞ்சிருக்கும். ஹீட் சமயத்துல உள்ள போன பாக்டீரியா வளர இதை விட நல்ல இடம் வேணுமா. ஒவ்வொரு ஹீட்டுக்கும் இது திரும்பத் திரும்ப நடக்க, ஒரு நாள் கருப்பை முழுக்க சீழ் கட்டிக்கும். இதுக்குப் பேரு பயோமெட்ரா. பெரும்பாலும் நடுவயசு தாண்டின, ஆபரேஷன் பண்ணாத பெண் நாய்க்கு, ஹீட் முடிஞ்ச சில வாரத்துல வரும். சாப்பாட்டை ஒதுக்கும், சோர்ந்து படுத்துக்கும், குடம் குடமா தண்ணி குடிக்கும், அடிக்கடி மூத்திரம் போகும், வாந்தி எடுக்கும், சில நாய்க்குப் பின்னாடி சீழ் வடியும். வடிஞ்சா கூட பரவால்ல, கண்டுபிடிச்சுடலாம். கருப்பை வாய் மூடியே இருந்தா வெளிய ஒரு சொட்டும் தெரியாது, வயிறு மட்டும் உப்பும், விஷம் ரத்தத்துல கலந்து ஒண்ணு ரெண்டு நாள்லயே உயிர் போயிடலாம். "வெயில்ல சோர்வா இருக்கு, வயசாயிடுச்சு"ன்னு நாம சொல்லிக்கிட்டே இருப்போம்.

இது எவ்ளோ பேருக்கு வரும்னு கேட்டா, ஸ்வீடன்ல நாய்ங்களோட இன்சூரன்ஸ் பதிவுகளை வச்சு கணக்குப் பாத்திருக்காங்க. அங்க பெண் நாய்க்கு வழக்கமா ஆபரேஷன் பண்ற பழக்கம் குறைவு, அதனால நல்ல கணக்கு கிடைச்சுது. பத்து வயசுக்குள்ள கிட்டத்தட்ட நாலுல ஒரு பெண் நாய்க்கு பயோமெட்ரா வந்திருக்கு. நாலுல ஒண்ணு! இனத்தைப் பொறுத்து கூடும் குறையும், ஆனா சின்ன எண் இல்ல இது. வந்த அப்புறம் வைத்தியம் என்னன்னா, பெரும்பாலும் அதே ஆபரேஷன் தான், கருப்பையை எடுக்குறது. சின்ன வயசுல நல்ல உடம்போட இருக்கும்போது நிதானமா பண்ண வேண்டியதை, வயசான நாய்க்கு, சீழோட, காய்ச்சலோட, நடு ராத்திரி எமர்ஜென்சியா பண்ணணும், ஆபத்தும் அதிகம் செலவும் அதிகம். பெண் நாய்க்கு ஏன் பண்ணணும்னு யாராவது ஒரே ஒரு காரணம் கேட்டா நான் குட்டியைச் சொல்ல மாட்டேன், இதைத் தான் சொல்வேன்.

மார்புக் கட்டி விஷயம் நாய்க்கும் உண்டு. 1969ல வந்த ஒரு பழைய ஆய்வுக் கணக்கை தான் எல்லாரும் இன்னிக்கும் சொல்றாங்க. ஆபரேஷனே பண்ணாத நாய்க்கு இருக்குற ஆபத்தை நூறுன்னு வச்சுக்கிட்டா, முதல் ஹீட்டுக்கு முன்னாடி பண்ணினதுக்கு வெறும் 0.5 தான், ஒரு ஹீட் ஆன அப்புறம் பண்ணினா எட்டு, ரெண்டு ஹீட் தாண்டினா இருபத்தாறு. 2012ல இந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா வச்சு அலசிப் பாத்தவங்க, ஆதாரம் நாம நினைச்ச அளவுக்கு பலமா இல்லன்னு சொல்லிட்டாங்க. பாதுகாப்பே இல்லன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, அந்த எண்களை கல்வெட்டு மாதிரி எடுத்துக்க வேணாம், அவ்ளோ தான்.

"ஒரு தடவையாச்சும் குட்டி போடட்டும், தாய்மை வேணாமா"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. ஒரு ஈத்து போட்டா உடம்புக்கு நல்லதுங்கறதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. மனசுக்கு வேணும்னு தோணுறது நமக்கு தானே தவிர நாய்க்கு இல்ல. சினையே ஆகாத நாய் பொம்மையை இழுத்துட்டு வந்து மூலையில வச்சு காவல் காக்கும், பால் கூட சுரக்கும், பாத்தா மனசு உருகும், ஆனா அது ஏக்கம் இல்ல, மேல சொன்ன அதே ஹார்மோன் ஆட்டம். ஹார்மோன் இல்லன்னா அந்த எண்ணமும் அதுக்கு வராது.

ஆண் நாய்க்கு வந்தா தான் நான் கொஞ்சம் பிரேக் போடுவேன். லாபம் இருக்கு. விரையில கட்டி வர வாய்ப்பே இல்லாம போகுது, வயசான காலத்துல புராஸ்டேட்ங்கிற ஆண் சுரப்பி வீங்கி மலம் போக முக்குற தொந்தரவு குறையுது, ஹீட்ல இருக்குற நாயோட வாடை பிடிச்சு சுவர் ஏறிக் குதிச்சு ரோட்டுல ஓடி அடிபடுறது குறையுது. இணை சேரும்போது ஒரு நாய் கிட்ட இருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டிக்கிற பிறப்புறுப்புக் கட்டி ஒண்ணு இருக்கு, அந்தப் புத்துநோய் செல்லே நேரா ஒட்டிப் பரவும், வினோதமான நோய், அதுல இருந்தும் நாய் தப்பிக்கும். ஆனா புராஸ்டேட் புத்துநோயை இது தடுக்காது, தடுக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு விரை கீழ இறங்காம வயித்துக்குள்ளயே தங்கிட்ட நாய்னா மட்டும் யோசனையே வேணாம், உள்ள தங்கின விரையில புத்துநோய் வர்ற வாய்ப்பு பல மடங்கு அதிகம், டாக்டர் சொல்ற வயசுல எடுத்துடுங்க.

அப்புறம் கோவம். "கடிக்குது, ஆபரேஷன் பண்ணினா சாந்தமாயிடுமா"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. பெண் நாய்க்காக மத்த ஆண் நாயோட போடுற சண்டை குறையலாம். ஆனா பயத்துல கடிக்கிற நாய், ஆள் வந்தா நடுங்கிட்டு உறுமுற நாய், இதுங்களுக்கு ஆபரேஷனால சரியாகாது, சிலதுக்கு பயம் இன்னும் கூடவும் செய்யலாம். அதுக்கு வேண்டியது பழக்கப்படுத்துறது, ட்ரெயினிங். அதே மாதிரி வீட்டைக் காவல் காக்காதுன்னு பயப்படுறதும் வீண் பயம், குரைக்கிறதுக்கு விரை எதுக்கு?

சரி, தொந்தரவுகளையும் சொல்லணும்ல. முதல்ல எடை. ஆபரேஷன் ஆன கொஞ்ச நாள்லயே பசி கூடும், உடம்புக்குத் தேவைப்படுற சாப்பாடோ குறையும், ரெண்டும் சேர்ந்தா குண்டாகாம என்ன பண்ணும். ஆபரேஷனால குண்டாயிடுச்சுன்னு சொல்றது பாதி உண்மை தான், கிண்ணத்தை நிரப்புறது நாம தானே. பொதுவா சாப்பாட்டுல கால் பங்கு அளவுக்கு குறைக்க வேண்டி வரும், உங்க டாக்டர் கிட்ட கேட்டு எடை பாத்து எடை பாத்து மாத்திக்கோங்க. ரெண்டாவது, சில பெண் நாய்க்கு, முக்கியமா பெரிய சைஸ் நாய்க்கு, பின்னாடி வருஷங்கள்ல தூங்கும்போது தெரியாம மூத்திரம் கசியலாம். மாத்திரைக்கு நல்லாவே கேக்கும், ஆனா பல நாய்க்கு அதைத் தொடர்ந்து குடுத்துக்கிட்டே இருக்கணும்.

மூணாவது தான் முக்கியம், மூட்டு. எலும்போட நுனியில வளர்ற பகுதி ஒண்ணு இருக்கு, வளர்ந்தது போதும்னு அதை மூடச் சொல்றதுல இந்த பருவ ஹார்மோனுக்கும் பங்கு இருக்கு. ரொம்ப சீக்கிரம் எடுத்துட்டா மூடுற நேரம் தள்ளிப் போய் கால் கொஞ்சம் கூடுதலா நீளும், மூட்டு மேல பாரம் விழற விதம் மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல 2013ல கோல்டன் ரெட்ரீவரை வச்சும், அப்புறம் 2020ல 35 இனங்களை வச்சும் ஆராய்ச்சி பண்ணினாங்க. கோல்டன் மாதிரி சில பெரிய இனங்கள்ல ஒரு வயசுக்கு முன்னாடி பண்ணினதுக்கு மூட்டுப் பிரச்சனை அதிகமா இருந்துச்சு, சின்ன இனங்கள்ல அப்படி ஒண்ணும் பெருசா தெரியல. அதனால வளர்ந்தா இருபது கிலோவுக்குள்ள நிக்கிற சின்ன நாய்னா ஆறு மாசம் வாக்குல பண்ணலாம், பெருசா வளர்ற ஆண் நாய்னா வளர்ச்சி முடியிற வரைக்கும், அதாவது ஒம்பதுல இருந்து பதினஞ்சு மாசம் வரைக்கும், பொறுக்கலாம். பெரிய பெண் நாய்க்கு இழுபறி தான், ஒரு பக்கம் மார்புக் கட்டி, இன்னொரு பக்கம் மூட்டு, இதை உங்க நாயோட இனத்தைப் பாத்து டாக்டரோட உக்காந்து பேசி முடிவு பண்ணணும். பொறுக்குறதுன்னா சும்மா விட்டுடறது இல்ல, அந்தக் காலம் முழுக்க கயிறு பிடிச்சு பாத்துக்குற பொறுப்பு உங்களோடது.

ஆயுசு கூடுமான்னு கேட்டா, 2013ல அமெரிக்காவுல ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்காரங்க 40,000 நாய்ங்களுக்கு மேல சாவுப் பதிவுகளைப் பாத்தாங்க. ஆபரேஷன் பண்ணாததுங்க சராசரியா 7.9 வயசுலயும் பண்ணினதுங்க 9.4 வயசுலயும் செத்திருக்கு. பண்ணாததுங்க தொத்து நோயிலயும் விபத்துலயும் அதிகமா போயிருக்கு, பண்ணினதுங்க புத்துநோய் மாதிரி நோய்ல அதிகமா போயிருக்கு. ஆபரேஷன் பண்ற அளவுக்கு அக்கறை இருக்குறவங்க தடுப்பூசியும் ஒழுங்கா போட்டிருப்பாங்கன்னும் சேர்த்து யோசிக்கணும், அந்த ஒன்றரை வருஷம் முழுக்க ஆபரேஷனோட புண்ணியம் தான்னு சொல்லிட முடியாது.

கத்தி இல்லாம வேற வழி இருக்கான்னா, ஆண் நாய்க்கு தோலுக்கு அடியில வைக்குற ஒரு இம்ப்ளான்ட் இருக்கு, டெஸ்லோரெலின்னு மருந்து, டோஸைப் பொறுத்து ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஹார்மோனை அடக்கி வைக்கும். ஆபரேஷன் பண்ணினா நாய் எப்படி இருக்கும்னு முன்கூட்டியே பாத்துக்க நல்ல வழி. ஆனா பெண்ணுக்கு ஹீட்டை நிறுத்துறேன்னு போடுற ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் வேற கதை, அதை அடிக்கடி குடுத்தா எதுக்குப் பயந்து ஆபரேஷன் பண்றோமோ அதே கருப்பைச் சீழும் மார்புக் கட்டியும் வர்றதுக்கு வழி பண்ணும், பூனைக்கு சர்க்கரை நோயும் வரலாம். யாரோ சொன்னாங்கன்னு கடையில வாங்கிக் குடுக்காதீங்க.

ஆபரேஷன் நாளைப் பத்தி சுருக்கமா. முழு மயக்கம் குடுத்து தான் பண்ணுவாங்க, அதனால முந்தின ராத்திரிக்கு அப்புறம் சாப்பாடு கூடாதுன்னு சொல்வாங்க, குட்டிங்களுக்கு அவ்ளோ நேரம் பட்டினி போடக்கூடாது, எத்தனை மணி நேரம்னு கேட்டுக்கோங்க. முன்னாடியே ரத்தப் பரிசோதனை பண்ணிட்டா நல்லது, வயசான நாய்னா கட்டாயம். பெண் நாய் ஹீட்ல இருந்தா அப்ப அங்க ரத்த ஓட்டம் அதிகம், ரெண்டு மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு பெரும்பாலும் சொல்லிடுவாங்க.

வீட்டுக்கு வந்ததும் முதல் நாள் தள்ளாடும், முனகும், மயக்கம் தெளியிற வரைக்கும் கட்டில், சோஃபா, மாடிப்படி எதுலயும் ஏற விடாதீங்க. கழுத்துல போடுற கோனை "பாவமா இருக்கு"ன்னு கழட்டி விடுறவங்க தான் ராத்திரியோட ராத்திரியா தையல் பிரிஞ்சு திரும்ப ஓடுறவங்க, நக்கினா போதும் பிரிஞ்சுடும். பத்துல இருந்து பதினாலு நாள் குதிக்கிறது, ஓட்டம், குளியல் எதுவும் வேணாம். தினம் ரெண்டு தடவை தையலைப் பாருங்க, சிவந்து வீங்குறது, நாத்தம், சீழ், தையல் விலகுறது இருந்தா டாக்டர் கிட்ட போங்க. ஈறு வெளுத்துப் போயி எழுந்திருக்கவே முடியாம கிடந்தா உள்ள ரத்தம் கசியலாம், அப்ப காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. வலி மருந்து டாக்டர் குடுக்குறதை மட்டும் குடுங்க, நம்ம வீட்டு பாராசிட்டமால் பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும், நாய்க்கும் நம்ம வலி மாத்திரை எதுவும் வேணாம்.

கடைசியா ஆண் வளர்க்குறவங்களுக்கு ஒண்ணு, இதை நிறைய பேர் விட்டுடறாங்க. விரையை எடுத்தாலும் ஏற்கனவே குழாய்ல தங்கியிருக்குற விந்து சில வாரம் உயிரோட இருக்கும். ஆபரேஷன் ஆயிடுச்சேன்னு அடுத்த வாரமே வெளிய அவுத்து விட்டுடாதீங்க, ஒரு ஒன்றரை மாசம் வரைக்கும் ஹீட்ல இருக்குற பெண் பக்கம் போகாம பாத்துக்கோங்க.